கதைக் கரடியும் காட்டுக் கரடியும்: மலையில வளர்ற சின்னப் புள்ளைங்களுக்கு என்ன கதை படிச்சுக் காட்டலாம்

குன்னூர்ல இருந்து கேட்ட தங்கச்சிக்கு இந்தப் பதில். மூணரை வயசுப் பையன், ஒன்றரை வயசுப் பொண்ணு, ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி பழைய மிருகக் கதைங்களை வாய்விட்டுப் படிச்சுக் காட்டணும், எதுல ஆரம்பிக்கறதுன்னு தெரியல, ஓநாய் வந்தா பையன் அழறான், ஆனா கரடிக் கதை கேட்டதுல இருந்து தேன் பாட்டிலைத் தூக்கிட்டு டீத்தோட்டத்துக்குப் போறேன்னு நிக்கறான், கதையில சாவு வந்தா மாத்திப் படிக்கலாமா, இதெல்லாம் கேட்டிருந்தீங்க. நான் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் க்ரீச்சுல 19 வருஷம் புள்ளைங்களைப் பாத்துக்கிட்டவ, மத்தியானச் சோத்துக்கு அப்புறம் பாயை விரிச்சு தினமும் ஒரு கதை படிப்பேன், அதை வெச்சு சொல்றேன், கொஞ்சம் நீளமாவே வரும்.

முதல்ல அந்தத் தேன் பாட்டில் விஷயம், ஏன்னா அதுதான் அவசரம். கோயம்புத்தூர்ல இருக்கற புள்ளைக்கு கரடின்னா படத்துல இருக்கறது, அவ்வளவுதான். நம்ம ஊர்ல அப்படி இல்லையே, கரடி ராத்திரியில சமையக்கட்டுக் கதவைத் தள்ளிப் பாக்குது, கோயில் வெளக்குல இருக்கற எண்ணெயை நக்கிட்டுப் போகுது, காட்டுமாடு காலையில ஸ்கூல் பஸ் நிக்கற இடத்துல வந்து நிக்குது. அதனால மலையில கதை படிக்கறவங்களுக்கு ஒரு வேலை கூடுதல். கதைக் கரடியையும் காட்டுக் கரடியையும் பிரிச்சு வெக்கணும், ரெண்டுல எதையும் கெடுக்காம பிரிக்கணும். கரடி கெட்டது கடிச்சிரும்னு பயமுறுத்துனீங்கன்னா கதை அங்கயே செத்துப்போகும், கரடி நம்ம ஃப்ரெண்டுன்னு மட்டும் விட்டீங்கன்னா புள்ள கதவைத் தொறந்துட்டுப் போயிடும்.

நான் பண்ணது ரொம்ப சின்ன விஷயம்தான். கதை முடிஞ்சதும் புத்தகத்தை மூடி அட்டையில ரெண்டு தட்டு தட்டி, "கதைக் கரடி எங்க போச்சு?"ன்னு கேப்பேன், "புத்தகத்துக்குள்ள!"ன்னு கத்துவாங்க, "காட்டுக் கரடி எங்க இருக்கு?"ன்னா "காட்டுல!", "நாம எங்க நின்னு பாக்கணும்?"னா "ஜன்னலுக்குப் பின்னாடி!" தினமும் இதேதான், ஒரு நாள் கூட விட்டதில்ல. கதை கேட்டு முடிச்ச சந்தோஷத்துலயே இதுவும் ஒரு பாட்டு மாதிரி மனசுல ஏறிடும், தனியா உக்காத்தி வெச்சு புத்தி சொன்னா ஏறாது.

ஒரு தடவ மார்கழி மாசம், பனி மூட்டம், தகரக் கூரையில தண்ணி சொட்டிக்கிட்டு இருக்கு, நான் மூணு கரடிக் கதை படிச்சுக்கிட்டு இருக்கேன், அப்ப ஒரு பொண்ணு என் சேலையை இழுத்து ஜன்னலைக் காட்டுது. பத்தடி தள்ளி டீச்செடிக்கு நடுவுல ஒத்தக் காட்டுமாடு, நல்லா வளந்த கடா, மூக்குல இருந்து ஆவி வருது, முட்டிக்குக் கீழ நாலு காலும் வெள்ளை. புள்ளைங்க பதினாலு பேரும் மூச்சு விடல. "டீச்சர், அது சாக்ஸ் போட்டிருக்கு"ன்னு ஒருத்தன் மெதுவா சொன்னான். யாரும் கூப்பிடல, கை ஆட்டல, எழுந்து ஓடல. அது நின்னு மென்னுட்டு இறங்கிப் போச்சு, நாங்க மறுபடி கதைக்குப் போனோம். ஆயிரம் கிலோ வரைக்கும் போகற மிருகம் அது, அதை எவ்வளவு தூரத்துல வெச்சுப் பாக்கணும்ங்கறது அந்தப் புள்ளைங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

இப்ப எந்தக் கதைங்கறதுக்கு வர்றேன். ஒன்றரை வயசுப் பொண்ணுக்கு கதையே வேண்டாம், சத்தம் போதும். படத்தைக் காட்டி ஆடு மே, காக்கா கா, எருமை ம்ம்ம்ன்னு இழுத்து சொல்லுங்க, அவ திருப்பி சொல்லட்டும், அஞ்சு நிமிஷம் தாண்ட வேண்டாம். அட்டை கெட்டியா இருக்கற புத்தகமா பாத்து வாங்குங்க, கடிப்பா, கடிக்கட்டும்.

பையனுக்கு முதல் கதையா நான் சொல்றது அந்த மூணு கரடிக் கதைதான். பெரிய கரடி, நடுக் கரடி, குட்டிக் கரடி, மூணு கிண்ணம், மூணு நாற்காலி, மூணு கட்டில், கரடிங்க வெளிய போனப்ப ஒரு சின்னப் பொண்ணு வீட்டுக்குள்ள நுழைஞ்சு கூழைக் குடிச்சிடுவா, ஒவ்வொரு கரடிக்கும் ஒரு குரல். "என் கூழை யாரு குடிச்சது?"ங்கறதை அடித் தொண்டையில ஒரு தடவ, சாதாரணமா ஒரு தடவ, கீச்சுக் குரல்ல ஒரு தடவ. மூணாவது நாள் குட்டிக் கரடி குரலை உங்க பையனே எடுத்துக்குவான், அப்ப நீங்க வாயைத் திறக்கக் கூடாது. இதை ராபர்ட் சதின்னு ஒரு இங்கிலீஷ் கவிஞர் 1837ல அச்சுல கொண்டுவந்தப்ப கரடி வீட்டுக்குள்ள நுழைஞ்சது ஒரு கிழவி, தங்க முடிச் சின்னப் பொண்ணு பின்னாடி வந்தவ. அவங்க ஊர்ல ஓட்ஸ் கஞ்சி, நான் ராகிக் கூழாக்கிட்டேன், ஒண்ணும் குறையல.

கரடியில இன்னொரு கதை இருக்கு, ரெண்டு நண்பர்கள் காட்டுக்குள்ள போவாங்க, கரடி வரும், ஒருத்தன் மரத்துல ஏறிக்குவான், இன்னொருத்தன் செத்தவன் மாதிரி படுத்துக்குவான், கரடி மோந்து பாத்துட்டு போயிடும். ஈசாப் கதை, கிரேக்க நாட்டுல இருந்து வந்தது. இதை நம்ம மலையில இருக்கற சின்னப் புள்ளைக்குப் படிக்காதீங்க, இதுல நான் உறுதியா இருக்கேன். நம்ம கரடி நல்லா மரம் ஏறும், தேனுக்காக ஏறறதை எஸ்டேட்காரங்க எல்லாரும் பாத்திருக்காங்க. மரத்துல ஏறினா தப்பிக்கலாம், படுத்துக்கிட்டா போயிடும்னு மூணு வயசுல மனசுல பதிஞ்சா எடுக்கறது கஷ்டம். அதுக்கு பதிலா நம்ம கரடி நிஜமா என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க, அதுவே கதை மாதிரிதான் இருக்கும். கரையான் புத்தைத் தோண்டி, மூக்கை உள்ள விட்டு, ஃபூன்னு மண்ணை ஊதிட்டு, அப்புறம் ஸ்ஸ்ர்ர்ர்னு உறிஞ்சும். மேல் வரிசையில நடு முன்பல்லு ரெண்டு அதுக்குக் கிடையாது, அந்த இடைவெளி வழியா உறிஞ்ச வாகா இருக்கும். முன்பல்லு விழுந்த ஆறு வயசுப் பையன் ஒருத்தன் க்ரீச்சுக்கு தங்கச்சியைக் கூட்டிட்டுப் போக வருவான், அவன்தான் எங்களுக்கு கரடி, அவன் உறிஞ்சிக் காட்டுனா மத்ததுங்க உருண்டு உருண்டு சிரிக்கும்.

காக்கா நரி வடைக் கதை உங்களுக்கே தெரியும், படிக்கக்கூட வேண்டாம், பாக்காம சொல்லலாம். ஈசாப்ல காக்கா வாயில இருந்தது சீஸ், நம்ம ஆளுங்க ஒரு பாட்டியை உக்காத்தி வெச்சு வடை சுட விட்டாங்க, அதுலதான் அந்தக் கதை நம்ம கதையாச்சு. நான் இன்னும் ஒரு படி போயி வடையை வர்க்கியாக்கிட்டேன். காக்கா வர்க்கியைக் கடிச்சா மொறுக்குன்னு ஒடையும், பாதி கீழ விழும், நரி பாட சொல்லும், மீதியும் விழும், துண்டுத் துண்டா விழற அந்த இடத்துல புள்ளைங்க கண்ணைப் பாக்கணுமே.

பஞ்சதந்திரம் முழுப் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்துல இருந்து படிக்க ஆரம்பிக்காதீங்க. நிறைய பேர் பண்ற தப்பு இது. அது மூணு வயசுக்கு எழுதினதே இல்ல, விஷ்ணு சர்மா மூணு ராஜகுமாரனுங்களுக்கு ஆட்சி பண்ற புத்தி சொல்லிக் கொடுத்ததா வர்ற நூல், 1826ல தாண்டவராய முதலியார் மராத்தியில இருந்து தமிழுக்குக் கொண்டுவந்ததும் பெரியவங்க படிக்கத்தான். முதல் பாகமே நட்பைக் கெடுக்கறது, சிங்கமும் எருதும் உயிரா பழகும், தமனகன்ங்கற நரி ரெண்டுக்கும் நடுவுல கோள் மூட்டி கடைசியில சிங்கமே எருதைக் கொல்லும். உங்க பையன் இதை வெச்சு என்ன பண்ணுவான்? பொறுக்கித்தான் எடுக்கணும். கிணத்துல நிழலைப் பாத்து சிங்கம் குதிக்கற முயல் கதை, வலையோட சேந்து பறக்கற புறாங்க, அன்னங்க ரெண்டும் குச்சியைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போற ஆமை, குரங்கும் முதலையும், இந்த நாலும் போதும் ஒரு வருஷத்துக்கு. குரங்கு முதலை கதையில நாவல் மரத்துல நிறுத்தி நிதானமா படிங்க, நாக்கு ஊதா ஆனதைக் காட்டச் சொல்லுங்க. முதலையோட பொண்டாட்டி குரங்கோட நெஞ்சைத் தின்ன ஆசைப்படும், குரங்கு "நெஞ்சை மரத்துலயே வெச்சுட்டு வந்துட்டேனே"ன்னு சொல்லும், அந்த ஒரு வரியில நிறுத்திட்டு பையன் முகத்தைப் பாருங்க, மூணரை வயசுல பாதிப் புள்ளைங்களுக்குப் புரியாது, நாலரை வயசுல திடீர்னு ஒரு நாள் புரியும், அன்னைக்கு அவன் சிரிக்கற சிரிப்பு வேற.

சாவு வர்ற இடத்தை மாத்தலாமான்னு கேட்டீங்க. நான் மாத்தறதில்ல, ஆனா எந்தச் சாவுன்னு பாக்கறேன். சிங்கம் கிணத்துல விழுந்தா புள்ளைங்க கை தட்டுவாங்க, அது அவங்களுக்கு அநியாயம் முடிஞ்சுபோச்சுங்கற சந்தோஷம், அதுக்கு மேல போகாது. தப்பே பண்ணாத ஒண்ணு சாகறது, குட்டி அம்மாவைப் பிரியறது, இதுதான் அந்த வயசுல தாங்காது. அதனாலதான் கீரிப்பிள்ளைக் கதையை ஆறு ஏழு வயசு வரைக்கும் எடுக்காதீங்கன்னு சொல்றேன். தொட்டில்ல கொழந்தை, பாம்பு வருது, கீரி பாம்பைக் கொன்னுட்டு வாயெல்லாம் ரத்தத்தோட வாசல்ல ஓடி வருது, அம்மா தப்பா நெனச்சு கீரியையே கொன்னுடறா. சிலப்பதிகாரத்துலயே அடைக்கலக் காதையில இந்தக் கீரி வரும், கோவலனோட நல்ல குணத்தைச் சொல்றதுக்கு அந்தப் பொம்பளைக்கு அவன் உதவின கதையைச் சொல்வாங்க. அவ்வளவு பழைய கதை, அவ்வளவு கனமான கதை, அது அவசரப்பட்ட அம்மாவோட கதைங்க, புள்ளையோட கதை இல்ல. நான் ஒரு தடவ தெரியாம நாலு வயசுங்களுக்குப் படிச்சுட்டேன், ஒரு பொண்ணு ரெண்டு நாள் அவங்க அம்மா பக்கத்துல போகல.

ஓநாய்க்கு அழறதுக்கு வழி இருக்கு. ஓநாயை எடுத்துடாதீங்க, அவனையே ஓநாயாக்குங்க. மூணு பன்னிக்குட்டிக் கதையில வைக்கோல் வீடு, குச்சி வீடு, செங்கல் வீடு, ஓநாய் ஊதி ஊதித் தள்ளும், அந்த ஊதற வேலையை அவன்கிட்ட கொடுத்துடுங்க, நீங்க பன்னிக்குட்டியா பயப்படுங்க. முதல் நாள் சும்மா ஊதுவான், மறுநாள் எச்சில் தெறிக்க ஊதுவான், அதுக்கு அப்புறம் பயம் எங்க இருக்கும். செங்கல் வீட்டுல மட்டும் எவ்வளவு ஊதினாலும் நீங்க விழாதீங்க. அவன் இன்னமும் அழுதா ஒரு ஆறு மாசம் அந்தப் புத்தகத்தைப் பெட்டிக்கு மேல வெச்சிடுங்க, அவனே ஒரு நாள் கேப்பான். ஒண்ணு, ராத்திரி படுக்கறப்போ வேண்டாம், பகல்ல படிங்க. ராத்திரிக்கு அமைதியான கதை தனி.

அந்த மாதிரி ஒண்ணு பீட்டர் முயல் கதை. பியட்ரிக்ஸ் பாட்டர்ங்கற அம்மா 1893ல உடம்பு சரியில்லாம படுத்திருந்த ஒரு சின்னப் பையனுக்குப் படம் வரைஞ்சு எழுதின கடிதம் அது, அப்புறம் யாரும் அச்சடிக்க முன்வரலன்னு 1901ல சொந்தக் காசுல 250 பிரதி போட்டாங்க, அடுத்த வருஷம்தான் கம்பெனி போட்டுச்சு. சின்னக் கையில அடங்கணும்னே புத்தகத்தைச் சின்னதா வெச்சாங்க, இதுலயே அவங்களுக்கு புள்ளைங்க மேல இருந்த அக்கறை தெரியும். முயல்குட்டி அம்மா பேச்சைக் கேக்காம தோட்டத்துக்குள்ள நுழைஞ்சு லெட்டூஸ், பீன்ஸ், முள்ளங்கின்னு தின்னும், தோட்டக்காரர் தொரத்துவார், கோட்டும் செருப்பும் போயிடும், வீட்டுக்கு வந்து கஷாயம் குடிச்சுட்டு படுக்கும். நம்ம புள்ளைங்களுக்கு இந்தத் தோட்டத்தை விளக்கவே வேண்டாம். 1819ல கோத்தகிரி பக்கம் மலையேறி வந்த வெள்ளைக்கார கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்துல இருந்து இந்த மலையில விளையற அதே இங்கிலீஷ் காய்கறிதான், அப்பா அம்மா கேரட் பிடுங்கறதை வரப்புல உக்காந்து பாத்த புள்ளைங்க. படத்தைக் காட்டி நம்ம தமிழ்ல சொல்லிக்கிட்டே போங்க, அச்சுல இருக்கற இங்கிலீஷை வார்த்தைக்கு வார்த்தை மாத்த வேண்டாம். முயலோட அப்பாவைப் பிடிச்சு சமைச்சுட்டாங்கன்னு தொடக்கத்துல ஒரு வரி வரும், அதை ஒரே மூச்சுல சொல்லிட்டு அடுத்த பக்கம் போயிடுங்க, அந்த அம்மாவும் அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க. மோக்லி கதை வர்ற ஜங்கிள் புக்கை இப்ப வாங்காதீங்க, 1894ல வந்த புத்தகம், நல்ல புத்தகம், ஆனா வாக்கியம் நீளம், எட்டு வயசுக்கு மேலதான் காது தாங்கும்.

ராமருக்குப் பாலம் கட்ட உதவின அணில் கதையும் சொல்லுங்க. நான் சொன்னப்போ ஒரு பொண்ணு, அம்மா ஆனைக்கட்டி பக்கத்து ஊரு, கேட்டா, "டீச்சர், மலையணிலுக்கு ஏன் கோடு இல்ல, ராமர் தடவிக் கொடுக்கலையா?" நெஜம்தானே, நம்ம சோலையில இருக்கற பெரிய மலையணில் முதுகுல மூணு கோடு கிடையாது. எனக்கு பதில் வரல. பக்கத்துல இருந்த பையன் சொன்னான், "அது மரத்தை விட்டு இறங்கவே இறங்காதே, எப்படி பாலத்துக்குப் போகும்?" மலையணில் பெரும்பாலும் மரத்துக்கு மேலயேதான் இருக்கும், அவன் பாத்ததை வெச்சு சொன்னான். கதை படிக்கறப்போ இப்படி கேள்வி வந்தா படிக்கறதை நிறுத்திடுங்க, கதை எங்கயும் போகாது.

நம்ம மலையோட சொந்தக் கதை ஒண்ணு, நீலகிரியில எருமை வளக்கற பழங்குடி மக்களான தோடர்களோடது. ஓன்ங்கற தெய்வமும் அவரு மனைவியும் குந்தா மலை மேல நின்னு பூமிக்குள்ள இருந்து எருமைங்களை வெளிய கொண்டுவருவாங்க, அவர் 1600, அந்தம்மா 1800, அவரு பக்கம் வந்த கடைசி எருமையோட வாலைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மனுஷன் வெளிய வருவான், அவன்தான் முதல் தோடன். நூறு வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வெச்ச கதை, மூணு வயசுக்கு இதை விட நல்ல கதை எனக்குத் தெரியாது, எருமை முதல்ல, மனுஷன் கடைசியில. எங்க க்ரீச்சுல ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு பாய்க்கு அடியில இருந்து வரிசையா வருவாங்க, கடைசி ஆளா வர்றதுக்குத்தான் சண்டை. தோடர் வீட்டுப் புள்ளைங்க உங்க பக்கத்துல இருந்தா அவங்க பாட்டிகிட்டயே கேளுங்க, அவங்க சொல்றது இன்னும் நல்லா இருக்கும்.

புத்தகம் கிடைக்கலன்னு கவலைப்பட வேண்டாம். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்ங்கற வெப்சைட்டுல தமிழ்க் கதைங்க நிறைய இலவசமா இருக்கு, 2015ல ஆரம்பிச்சது, படிக்கற தரத்தை வெச்சு நாலு நிலையா பிரிச்சிருக்காங்க, உங்க பையனுக்கு முதல் நிலை. ஃபோன்ல படிக்காம, முடிஞ்சா பிரிண்ட் எடுத்து தைச்சுக்கோங்க, ஃபோன் வெளிச்சம் வந்தா அவன் கை அதை நகத்திப் பாக்கத்தான் போகும். சென்னையில தூலிகா போடற தமிழ்ப் படப் புத்தகங்களும் சின்னக் கொழந்தைங்களுக்கு ஏத்தது. அரசு நூலகத்துல தேசியப் புத்தக நிறுவனம் போட்ட புள்ளைங்க புத்தகம் இருக்கும், அலமாரியோட அடித் தட்டுல பாருங்க.

படிக்கறப்போ ஒரே கதையை இருபது நாள் கேட்டா இருபது நாளும் படிங்க, வார்த்தையை மாத்தாதீங்க, "ஒரு ஊர்ல"ன்னு சொல்ற இடத்துல "ஒரு காட்டுல"ன்னு சொன்னாக் கூட திருத்துவான். கடைசியில "இதுல இருந்து என்ன தெரியுது?"ன்னு மட்டும் கேக்காதீங்க தயவு பண்ணி. அந்தக் கேள்வி வந்த அடுத்த நாள்ல இருந்து புள்ளைங்க கதையைக் கேக்கறதை விட்டுட்டு பதிலைத் தேட ஆரம்பிச்சிடறாங்க, இது என் கண்ணால பாத்தது.

இன்னைக்கு ராத்திரிக்கு ஒண்ணு வேணும்னா, அந்தப் பக்கம் பழனி மலையை ஆண்ட பேகன் கதை சொல்லுங்க, சங்கப் பாட்டுல பரணர் பாடினது. குளிருல மயில் நடுங்குதுன்னு நெனச்சு தன் போர்வையை எடுத்து அதுக்குப் போத்திவிட்ட ராஜா. சமவெளிப் புள்ளைங்களுக்கு இதுல குளிரை விளக்கணும், உங்க பையன் கம்பளிக்குள்ளதான படுத்திருப்பான். மயில் எப்படி நடுங்குச்சுன்னு கேளுங்க, நடுங்கிக் காட்டுவான், அப்ப போர்வையை மெதுவா எடுத்து அவன் மேல போத்திவிடுங்க, எங்க க்ரீச்சுல பாதிப் பேர் அந்த இடத்துலயே தூங்கிடுவாங்க.